கடைசி வரியில் இருந்த பொடி எழுத்து

நாகர்கோவில் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரி. அங்கே பெரிய டாக்டர் தாணுமூர்த்தி. அறுபத்திரண்டு வயதிலும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறேன் என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். ஒருநாள் பயிற்சி டாக்டர்கள் எட்டுப் பேர் முன்னால் ஒரு முதலீட்டுப் பாரத்தை நீட்டினார்.

“பத்து வருஷத்துல பணம் மூணு மடங்கு. இன்னைக்கே கையெழுத்துப் போடுங்க. போடாதவங்க ஆபரேஷன் தியேட்டர் பக்கமே வரவேண்டாம்.”

ஏழு பேர் பேனாவைத் திறந்தார்கள். ரஹ்மத் மட்டும் பாரத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினாள். “கண் டெஸ்ட்ல நோயாளி பெரிய எழுத்தை வாசிச்சா நம்பாதே, கடைசி வரியை வாசிக்கச் சொல்லுன்னு நீங்கதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க? இதைக் கொஞ்சம் வாசிங்க.”

பார்த்தார். முகம் வெளிறியது. “மங்கலாத் தெரியுதும்மா.”

ரஹ்மத் கேஸ் ஷீட்டை எடுத்தாள். “அப்போ கண்புரைதான் சார். நாளைக்கே ஆபரேஷன். நானே பண்றேன். எனக்கு இதுதான் முதல் கேஸ்.”

“தெரியுது, தெரியுது!” என்று அலறியவர் ஒரே மூச்சில் வாசித்தார்: “ஆள் சேர்த்துவிடுபவருக்கு முதல் வருடப் பணத்தில் பாதி கமிஷன்.”

ஏழு பேனாவும் பைக்குள் போயின. ரஹ்மத் கேஸ் ஷீட்டில் எழுதினாள்: பார்வையில் ஒரு குறையும் இல்லை.