கொடிமரத்தின் முன்கயிறு

“என்னை நிமிர்த்துவது என் முதுகு. அதை எதிர்த்து என் வயிறு முன்பக்கம் இழுக்கிறதாம்! என் உடம்புக்குள்ளேயே எனக்கு விரோதியா? இதைச் சொன்னவனுக்குத் தலை எதற்கு?”

ஒரு காலத்தில் மாந்தைக்காட்டை ஆண்ட விறல்மாறன் காலையிலிருந்து இதையே கத்திக்கொண்டிருந்தார். நின்று கத்த இடுப்பு இடம் கொடுக்கவில்லை. தலையணைக் குவியலில் கிடந்தபடி கத்தினார்.

சொன்னவர் அரண்மனை வைத்தியர் வெண்காடர். “படுத்தே கிடந்து வயிறு தொளதொளத்துவிட்டது அரசே. முதுகு தனியாக மாரடிக்கிறது. எழுந்து நடங்கள்” என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார். ராஜாவிடம் இப்படியா பேசுவார்கள்? கொலைக்களத்துக்கு அனுப்பியாயிற்று.

அந்த ஊரில் ஒரு வழக்கம். தலை விழும்வரை கொலைக்களத்தில் பறை அடிப்பார்கள், அதற்குள் ராஜா மனம் மாறினாலும் மாறட்டும் என்று. விழுந்ததும் நிறுத்திவிடுவார்கள். பறை கேட்டுக்கொண்டிருந்தது.

மந்திரி அறவாழி அவசரமாக எழுந்தார். “விரோதியை ஒழிப்பது நியாயம்தான் அரசே. முற்றத்துக் கொடிமரத்துக்கும் ஒரு விரோதி உண்டு. அதை நிமிர்த்தி நிறுத்தக் கட்டிய பின்கயிறு இழுக்க இழுக்க, முன்கயிறு எதிர்க்கிறது.”

“அறுத்துத் தள்ள வேண்டியதுதானே!” என்று குதித்தான் சிங்கணன். வைத்தியர்மேல் கோள் மூட்டியவன் இவன்தான். ராஜாவுக்குத் தலையணை அடுக்குவதைத் தவிர ஒரு வேலையும் தெரியாது.

“தங்கள் கையாலேயே ஆகட்டும்” என்றார் மந்திரி அவனிடம்.

முற்றத்தில் இறங்கி முன்கயிற்றை அறுத்தான். கொடிமரம் பின்பக்கமாகச் சாய்ந்து தடாலென்று விழுந்தது. அறுந்த நுனி சுழன்று அவன் தலைப்பாகையையும் இழுத்துக்கொண்டு போனது. ராஜாவின் கொடியும் தலைப்பாகையும் ஒரே சேற்றில்.

“இரண்டும் எதிரெதிரே இழுத்ததால்தான் அரசே அது நின்றது. நீங்கள் குனிந்தால் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். நிமிர்ந்தால் வயிறு விட்டுக்கொடுக்கும். இரண்டில் எதுவும் பிடியை முழுசாக விடாது. விட்டால் இதோ, இந்தக் கதிதான்” என்றார் அறவாழி.

ராஜா வயிற்றில் கை வைத்துக்கொண்டு மெல்ல எழப் பார்த்தார். உள்ளங்கையின் கீழ் ஏதோ இறுகியது. வைத்தியர் சொன்னது சரிதான் என்று உறைத்தது.

“சிங்கணா, இனி என் தலையணையைத் தொடாதே. அறவாழி, இந்தா, என் மோதிரம். இதைக் காட்டித் தண்டனையை நிறுத்து.”

அறவாழி கை நீட்டவில்லை. அவர் காது வெளியே இருந்தது. மரம் விழுந்த சத்தத்தில் பறை எப்போது நின்றதென்று சபையில் யாருக்கும் தெரியவில்லை.

“ஏன் எல்லாரும் தரையைப் பார்க்கிறீர்கள்? யாராவது ஓடிப்போய் வெண்காடரைக் கூட்டிவாருங்களேன்.”