பத்துச் சாவியும் ஒரு காதுகுத்தும்

கொத்தளக்குடி ராஜா மாறப்ப பூபதிக்கு ஒரு புது வார்த்தை கெடைச்சிடுச்சு. கெடைச்ச நாள்லேருந்து அரண்மனையில ஒருத்தனுக்கும் நிம்மதி இல்ல.

வார்த்தையைக் கொண்டுவந்தவன் ஒரு மிளகு வியாபாரி. "மகாராஜா, நான் சரக்கு பூராவையும் ஒரே கப்பல்ல ஏத்தமாட்டேன். பத்துக் கப்பல்ல பிரிச்சு ஏத்துவேன். புயல்ல ஒண்ணு முழுகினாலும் ஒம்போது வந்து சேரும். இதுக்குப் பேருதான் பன்முகப்படுத்தல்." சொல்லிட்டு அவன்பாட்டுக்குப் போயிட்டான்.

மாட்டிக்கிட்டது அரண்மனை. மறுநாள் காலையில பாத்தா, ராஜா ஒரு காலை வெந்நீர்லயும் ஒரு காலைப் பச்சத்தண்ணியிலயும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

"என்ன மகாராஜா இது?"

"குளியலைப் பன்முகப்படுத்துறேன்யா!"

சாயங்காலம் பல்லக்குல கிளம்பினாரு. முன்னாடி தூக்குறது ரெண்டு ஆளு. பின்னாடி ரெண்டு கழுதை.

சபையில ராஜாவைச் சிரிக்கவைக்கிறது அரியமுத்துவோட உத்தியோகம். ராஜாவே இப்படி சிரிப்பு காட்டினா நமக்கு என்ன வேலைன்னு அவருக்கு அப்பவே கவலை வந்துடுச்சு.

ஒருநாள் ராஜாவோட கண்ணு பிரதானி சங்கிலிநாதர் இடுப்புல விழுந்துச்சு. கோட்டைக் கதவு, நெல்லுக் கிடங்கு, மடப்பள்ளி, கிணத்தடி, ஆயுதக் கொட்டடின்னு பத்துச் சாவியும் அங்கதான் தொங்குது.

"ஏன்யா, பத்துச் சரக்கும் ஒரே கப்பல்லயா? உடனே பன்முகப்படுத்தும்!"

பிரதானி அன்னிக்கே பிரிச்சுக் குடுத்துட்டாரு. ரெண்டு மகன், மூணு மச்சினன், ரெண்டு மருமகன், ஒரு தம்பி, ஒரு சகலை, ஒரு சித்தப்பா மகன். பத்துப் பேரு, பத்துச் சாவி. ராஜாவுக்கு ஒரே பூரிப்பு. சபையில 'மாமா', 'மச்சான்', 'மாப்ளே'ன்னு கல்யாண வீடு மாதிரி சத்தம்.

அரியமுத்துவால வாயை வச்சுக்கிட்டு இருக்க முடியல. "கப்பல் பத்துதான் மகாராஜா. ஆனா பத்தையும் ஒரே கயித்துல கட்டியிருக்கு."

பிரதானி விடுவாரா? "பொறாமை, மகாராஜா! அது இருக்கட்டும், சிரிப்பை மட்டும் ஒரே ஆளு கையில வச்சிருக்கலாமா? என் கொழுந்தியா மகன் ஒருத்தன் இருக்கான். வாயைத் தொறந்தா விகடம்தான்."

"அதுவும் சரிதான்யா," ராஜா மீசையைத் தடவினாரு. "அரியமுத்து, பத்து நாள் தர்றேன். அந்தக் கயித்தை எனக்குக் காட்டும். இல்ல, மூட்டையைக் கட்டும்."

அரியமுத்து மூட்டையும் கட்டல, மூலையிலயும் உக்காரல. நேரா பிரதானி வீட்டுக்குப் போனாரு. பிரதானி சம்சாரம் வடிவாம்பாள் வாசல்ல கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. எந்த விசேஷத்துக்கு எவன் வரலைங்கிறதை முப்பது வருஷமானாலும் மறக்காத அம்மா.

"ஆச்சி, பேத்திக்குக் காதுகுத்து எப்போ?"

"எங்கப்பா நடத்துறது! எல்லாரும் பெரிய உத்தியோகம் ஆயிட்டாங்களே."

"அதான் ஊர்லயும் பேசிக்கிறாங்க. சாவி கைக்கு வந்ததும் சொந்தம் விட்டுப்போச்சாம். ஆச்சி கூப்பிட்டாக்கூட ஒருத்தனும் வரமாட்டானாம்."

கீரைக்கட்டு பறந்து போய் தெருவுல விழுந்துச்சு. "எவ சொன்னா? அடுத்த வாரம் புதன்கிழமை குலதெய்வம் கோயில்ல காதுகுத்து! எவன் வரலைன்னு நானும் பாக்குறேன்!"

அந்தப் புதன்கிழமைதான் அரியமுத்துவுக்குப் பத்தாவது நாள்.

விடிஞ்சுது. ராஜா குளிக்கப் போனாரு. கிணத்தடி பூட்டு. உடுப்பு அறை பூட்டு. மடப்பள்ளி பூட்டு. பால்காரன் கோட்டைக்கு வெளிய நின்னு கத்துறான், கதவு பூட்டு. ராஜா இடுப்புல துண்டோட, வயித்துல பசியோட அங்கயும் இங்கயும் ஓடுறாரு.

"பூட்டை உடைங்கடா!"

"சம்மட்டி ஆயுதக் கொட்டடியில இருக்குங்க மகாராஜா. அதுவும் பூட்டு."

அரியமுத்து தோட்டத்துல உக்காந்து வாழைப்பழம் உரிச்சுக்கிட்டு இருந்தாரு.

"யோவ், எங்கய்யா போனாங்க எல்லாரும்?"

"காதுகுத்துக்கு, மகாராஜா."

"கிணத்தடி சாவிக்காரன்?"

"சின்ன மச்சினன். காதுகுத்து."

"மடப்பள்ளி?"

"மூத்த மகன். அவர் மடியிலதான் பிள்ளையை உக்காத்தணும். தாய்மாமன் இல்லாம காது குத்துவாங்களா?"

"கோட்டைக் கதவு?"

"சகலை. போகலைன்னா வடிவாம்பா ஆச்சி அவர் காதைக் குத்திடுவாங்க."

ராஜா பழத்தைப் பிடுங்கித் தின்னாரு. "பத்துப் பேருமாய்யா?"

"பத்துப் பேரும் ஒரே பந்தியில. இதான் மகாராஜா நீங்க கேட்ட கயிறு."

மத்தியானத்துக்கு மேல சந்தனமும் வெத்தலைச் சிவப்புமா பத்துப் பேரும் வந்து சேந்தாங்க. முன்னால பிரதானி. ராஜா துண்டோட நிக்கிறதைப் பாத்ததும் அத்தனை பேருக்கும் ஏப்பம் நின்னுபோச்சு.

"ஏன்டா போனே?"ன்னு ஒவ்வொருத்தனா கேட்டாரு. பத்துப் பேரும் ஒரே பதில்: "நான் ஒருத்தன்தானே போறேன், மத்த ஒம்போது பேரு இருப்பாங்கன்னு நெனச்சேன் மகாராஜா!"

ராஜா சாவியெல்லாம் வாங்கிக்கிட்டு அரியமுத்து பக்கம் திரும்பினாரு. "இனிமே எப்படிய்யா ஆளு பாக்குறது?"

"ஒரே கேள்வி போதும், மகாராஜா. எந்த ரெண்டு ஆளை எடுத்தாலும், ஒரே வீட்டு விசேஷத்துக்கு ரெண்டு பேருக்கும் அழைப்பு போகுமா? போகும்னா ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் சாவி."

ராஜா விழுந்து விழுந்து சிரிச்சாரு. அரியமுத்துவைக் கட்டிப்புடிச்சுக்கிட்டாரு. "பன்முகப்படுத்தல்னா என்னன்னு இந்த ராஜ்யத்துலயே தெரிஞ்சவர் நீர் ஒருத்தர்தான்யா! அதனால இந்தாரும், பத்துச் சாவியையும் நீரே வச்சுக்கும்!"

அரியமுத்து ரெண்டு அடி பின்னால போயிட்டாரு.

"வேணாம் மகாராஜா. எனக்கும் ஏழு மச்சினன் இருக்கான்."