மூக்கு லாரியில் பாட்டு

சங்ககிரியில் வண்டிகளுக்கு ஸ்பீக்கர் மாட்டித் தரும் யூசுப்புக்கு முப்பத்திரண்டு வயது. அவரிடம் தொழில் பழகிய செங்கமலத்துக்கு நாற்பத்தொன்று. அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை மாஸ்டர் என்பாள். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை. வேடிக்கை பார்ப்பவர்களுக்குத்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"அழுதீங்களாக்கா?"

"ஆமா" என்றாள். மறைக்கத் தெரியாதவள்.

செங்கமலம் இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் ஒரே ஒரு மர அலமாரி. அது நிறைய, இறந்துபோன முதல் மனைவியின் சேலைகள். சாவி பதிமூன்று வயது மகள் தாரிணியிடம் இருந்தது. செங்கமலத்தின் துணிமணிகள் இன்னும் சூட்கேஸிலேயே கிடந்தன. அந்தப் பெண் இதுவரை அவளை எந்த உறவுமுறை சொல்லியும் கூப்பிட்டதில்லை.

"ஞாயித்துக்கிழமை ஆசாரியை வரச் சொல்லியிருக்கேன். பூட்டை ஒடைச்சு அலமாரியைக் காலி பண்ணப் போறேன். அந்த வீட்ல எனக்குன்னு ஒரு எடம் வேணாமா மாஸ்டர்?"

யூசுப் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு மூக்கு லாரி வந்து நின்றது. இன்ஜின் மூக்குப் போல முன்னால் நீண்ட, அறுபது வருடத்துக்கு முந்தைய வண்டி. உரிமையாளர் பெரியதம்பி இறங்கி வந்தார்.

"பாட்டு நல்லாக் கேக்கணுமுங்க. ஆனா கதவு, டேஷ்போர்டு, கூரைன்னு எங்கயும் ஒரு ஓட்டை விழக்கூடாது. இந்தக் கதவுக்காக மூணு வருசம் காயலான் கடை கடையா அலைஞ்சிருக்கேன்."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். சொல்வது சுலபம்.

"இந்த வண்டி உங்க பொறுப்புக்கா" என்றார் யூசுப்.

முதன்முதலாகத் தனியாகக் கிடைத்த வேலை. செங்கமலம் சாக்பீஸும் கையுமாக மத்தியானம் வரை கேபினுக்குள்ளேயே இருந்தாள். பிறகு தலையை வெளியே நீட்டினாள்.

"ஓட்டை போடாம முடியாது மாஸ்டர். ஸ்பீக்கர் எங்க உக்காரும்?"

"நீங்க எங்க உக்காந்திருக்கீங்க?"

"சீட்டுல."

"அதுக்குக் கீழ என்ன இருக்கு?"

சீட்டைத் தூக்கினாள். ஒரு ஜாக்கி, ஒரு லீவர், எண்ணெய்ப் பிசுக்கேறிய சாக்கு.

"எடம் இருக்கு மாஸ்டர். இந்த ஜாக்கியைத் தூக்கி வெளிய போட்டா பெரிய பெட்டியே வெச்சிரலாம்."

"ஜாக்கி எத்தனை வருசமா அங்க இருக்கு?"

"வண்டி வந்த நாள்லருந்து இருக்கும்."

"அப்ப அது அங்கயே இருக்கட்டும்."

"பெட்டி இடிக்குமே!"

"வெட்டித்தான் ஆகணும்னா நம்ம பலகையை வெட்டுங்க."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஜாக்கிக்கு இருக்கற மரியாதை எனக்கில்லை" என்று முணுமுணுத்தாள். யூசுப் காதில் விழுந்தது. விழாத மாதிரி வேறு வண்டிக்குப் போய்விட்டார்.

கோபத்தோடேயே அளவெடுத்தாள். ஜாக்கி இருக்கும் மூலையை விட்டு, பிளைவுட்டை அதற்கேற்ற மாதிரி வெட்டிப் பெட்டி செய்தாள். சீட்டுக்கு ஏற்கெனவே இருந்த போல்ட்டுகளிலேயே பெட்டியை இறுக்கினாள். மீட்டர் கேபிள் போகும் வழியிலேயே ஒயரையும் கொண்டுபோனாள். மறுநாள் சாயங்காலம் போட்டுப் பார்த்தபோது பாட்டோடு சேர்ந்து கடகடவென்று ஒரு சத்தம். பெட்டி ஜாக்கியில் உரசியது. பழைய டியூபில் ஒரு துண்டு நறுக்கி நடுவில் செருகினாள். சத்தம் நின்றது.

புதன்கிழமை பெரியதம்பி வந்தார். பாட்டைப் போட்டதும் அவர் முகம் மலர்ந்தது. கதவைத் திறந்து பார்த்தார், கூரையைப் பார்த்தார், டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவினார்.

"எங்கய்யா வெச்சிருக்கீங்க!" என்று சிரித்தார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாட்டை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இருவரும் வாசலில் நின்றார்கள். செங்கமலத்துக்கு மனசு ஆறவில்லை.

"ரெண்டு நாள் வேலை மாஸ்டர். எங்க இருக்குன்னுகூட அந்த மனுசனுக்குத் தெரியலை."

"ம்."

"வீட்லயும் நான் இப்படியே இருந்துட்டா? நான் வந்ததே அந்தப் புள்ளைக்குத் தெரியாமப் போயிருமே?"

லாரி மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணுக்கு மறைந்தது.

யூசுப் அந்தத் திசையைக் கை காட்டினார்.

"இப்ப என்னக்கா கேக்குது?" என்றார்.

"பாட்டு" என்ற செங்கமலம், ஆசாரியை வர வேண்டாமென்று சொல்லப் போனை எடுத்தாள்.