செவலையின் தொட்டியில் தவிடு

கதைக்கு முன் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். நெல்லின் மேலே மூடியிருப்பது உமி. அதனடியில் அரிசியை ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் தவிடு. உரலில் ஒருமுறை குத்தினால் உமி நீங்கும். அரிசி செந்நிறமாக இருக்கும். மறுபடியும் உலக்கை போட்டுத் தீட்டினால் தவிடும் நீங்கி, அரிசி வெளுக்கும்.

அந்தக் காலத்தில், மாடுகள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, அரிசியைத் தீட்டும் வழக்கம் எவருக்கும் இல்லை. நெல் மனிதருக்கு, வைக்கோல் மாட்டுக்கு என்பதே பங்கு.

அங்கம்மை என்பவள் தன் ஒரே மகள் நாச்சியைத் தலைப்பிரசவத்திற்கு அழைத்து வந்திருந்தாள். நாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. தவிட்டின் வாடை குமட்டுகிறது என்று தட்டைத் தள்ளினாள். அங்கம்மைக்கு மனம் பொறுக்கவில்லை. குத்திய அரிசியை மீண்டும் உரலிலிட்டுப் பால்பல்லைப் போல வெளுக்கும்வரை தீட்டினாள். அன்று நாச்சி மறுசோறு கேட்டு வாங்கி உண்டாள்.

பார்க்க வந்த அண்டைவீட்டுப் பெண்கள் முறத்திலிருந்த வெள்ளை அரிசியைக் கண்டு, "உன் பேரனுக்கு இப்போதே பல் முளைத்துவிட்டதா, அங்கம்மை?" என்று கேலி பேசினார்கள்; வீட்டிற்குப் போய்த் தாங்களும் தீட்டினார்கள்.

முறத்தில் மிஞ்சிய தவிட்டை அங்கம்மை செவலைப் பசுவின் தொட்டியில் கொட்டினாள். விலா எலும்பு தெரிய நின்ற செவலைக்கு உடம்பு தேறியது. கன்றுக்குப் பால் நிறைந்தது.

நாச்சியோ வேறெதையும் தொடாமல் வெள்ளைச் சோற்றையே உண்டாள். நாளடைவில் அவள் கால்கள் மரத்து வீங்கின. ஒருநாள் காலை பாயிலிருந்து எழ முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்தக் கால்களோடு எப்படிப் பெற்றெடுப்பாள் என்று அங்கம்மை கலங்கினாள். இன்னும் வெண்மையாகத் தீட்டினால் வலு வருமென்று எண்ணி, அரிசியை மறுபடியும் தீட்டினாள்.

செவலை எல்லாவற்றையும் பார்த்திருந்தது. உண்மையைச் சொன்னால் தொட்டி வெறுமையாகும், கன்று இளைக்கும். கன்றை ஒருமுறை நக்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னது:

"அக்கா, உலக்கையைக் கீழே வை. உன் மகளின் காலுக்குப் போகவேண்டிய வலு என் தொட்டிக்கு வந்துகொண்டிருக்கிறது."

அங்கம்மை கன்றைப் பார்த்தாள். "அப்படியானால் உன் பிள்ளைக்கு?"

"முதலில் உன் பிள்ளை எழுந்து நிற்கட்டும்."

முறத்திலிருந்த தவிட்டைச் சலித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, அங்கம்மை தன் கையாலேயே மகளுக்கு ஊட்டினாள். நாச்சி முகம் சுளித்துக்கொண்டே விழுங்கினாள். மெல்ல மெல்ல வீக்கம் வடிந்தது. சுவரைப் பிடித்து நின்றாள். பிறகு சுவரை விட்டும் நின்றாள். குழந்தை நலமாகப் பிறந்தது.

பின்னர் முடிவானவை இவை. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒருமுறை குத்திய அரிசியே சமைப்பதென்று அங்கம்மையின் வீட்டில் முடிவாயிற்று. வெள்ளைச் சோற்றின் ருசி கண்ட அண்டைவீடுகள் அதை விடவில்லை, இன்றும் விட்டபாடில்லை. விடமாட்டார்கள் என்று தெரிந்ததும், அவர்கள் நீக்கும் தவிடும் அரிசி கழுவிய நீரும் செவலைக்கே சேரவேண்டும் என்று வீடுவீடாகப் போய்க் கேட்டு வந்தவள் நாச்சி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் கால்களாலேயே நடந்து போனாள். தவிடும் கழுநீரும் மாட்டுத் தொட்டிக்குச் சேர்வது அன்று முதல்தான்.