பாலத்துக்கு முந்தின மேடு

சொன்ன விலைக்கு எதையும் வாங்காத ஒருவர் ஐம்பது வயதுக்கு மேல் சீடரானார்.

பெயர் வெள்ளியங்கிரி. தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறை வைத்திருந்தார். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். அவர் பேரம் பேசி சைக்கிளில் முடித்தார். அந்த சைக்கிள் அவரை மலைக்காட்டுக்குக் கொண்டுபோய் விட்டது.

அங்கே தார் காணாத பாதைகள் உண்டு. ஒரு காலத்தில் மரம் வெட்டி லாரியில் இறக்கப் போட்டவை. கூப்பு ரோடு என்பார்கள். லாரிகள் போய்விட்டன. ஜல்லி கிடக்கிறது. அதில் ஓட்டவென்றே தடித்த டயர் போட்ட சைக்கிள்கள் வந்திருக்கின்றன. அதற்கென்று ஒரு குழுவும் இருந்தது.

குழுவுக்குப் பாதை போட்டுத் தருபவள் ஜெசிந்தா. வெள்ளியங்கிரியைவிட ரொம்ப இளையவள். எல்லோரும் அவளை மாஸ்டர் என்றார்கள். அவரும் அப்படியே கூப்பிட்டார். அவள் அவரை அண்ணா என்றாள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாதை போடுகிறவர் அதை முதலில் நடந்து முடிக்க வேண்டும். சைக்கிள் கூடாது. நடந்த பிறகுதான் குழுவுக்கு அனுப்பலாம்.

வெள்ளியங்கிரி அவள் பின்னால் நடந்து நடந்து பார்த்தார். பொறுமை தீர்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு பாதையை வரைந்து, போனில் குழுவுக்கு அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அதில்தான் ஓட்டப் போகிறார்கள். முன்னால் போகப் போவது அவருடைய மகள் கவிப்ரியா.

சனிக்கிழமை காலையில் ஜெசிந்தா அவரைக் காட்டுப் பாதை தொடங்கும் செக்போஸ்ட்டுக்கு வரச் சொன்னாள். பாராட்டக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தார். கிளம்பும்போது மகளைத் தேடினார். ஆளையும் காணோம், அவள் சைக்கிளையும் காணோம். எங்கேயாவது ஓட்டப் போயிருப்பாள் என்று விட்டுவிட்டார்.

ஜெசிந்தா வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"அந்தப் பாதையை எடுத்துடுங்கண்ணா."

"ஏனுங்க?"

"நடந்தீங்களா?"

"எதுக்குங்க மாஸ்டர் நடக்கணும்? இதப் பாருங்க."

போனை நீட்டினார். அந்த மலையில் ஓட்டியவர்களின் தடமெல்லாம் அதில் ஒரே படமாகச் சேர்ந்திருந்தது. ஒன்றிரண்டு பேர் போன வழி மெல்லிய கோடு. பலபேர் போன வழி தடித்துச் சிவந்திருக்கும்.

"நீங்க போட்ட பாதையெல்லாம் நூலாட்டம் கெடக்குது. என்னுதப் பாருங்க, தாம்புக்கயிறு! இத்தன பேர் போயிருக்காங்க. அத்தன பேரும் கிறுக்கனுங்களா?"

"எடுக்க மாட்டீங்க?"

"எடுத்தா எம் மானம் போயிரும். ஒண்ணு பண்ணலாமுங்க. பாதி தூரம் நடக்கறேன். நல்லா இருந்தா நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"முழுசும்."

"முக்கால்."

அவள் குனிந்தாள். அவருடைய சைக்கிளின் முன்சக்கரத்தை ஒரு திருகில் கழற்றினாள். அதை அவர் கையில் கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

வெள்ளியங்கிரிக்கு ரத்தம் தலைக்கேறியது. "இதென்னங்க அக்குறும்பு! எம் பட்டறையில எவனாச்சும் இப்படிச் செஞ்சா அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவேன்!"

போகிற முதுகிடம் பேரம் பேச முடியாது. சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

பாதை நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் தேக்கு. ஜல்லி மண்ணில் அழுந்தி அடங்கிக் கிடந்தது. போன வாரம் பெய்த மழையில் தூசி இல்லை.

"இதுக்கென்னங்க குறை?" என்றார் முதல் வளைவில்.

அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

"நெழலு கூட இருக்குதுங்க." இரண்டாவது வளைவில்.

மரத்தின் மேலிருந்து ஒரு மந்தி எட்டிப் பார்த்தது. ஆளையும் பார்த்தது, சக்கரத்தையும் பார்த்தது.

"சிரிக்காதே" என்றார் அதனிடம். "மீதியை அங்கே விட்டுட்டு வந்திருக்கேன்."

ஜெசிந்தாவின் தோள் லேசாகக் குலுங்கியது. சிரித்தாளா என்பது தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு நீண்ட இறக்கம் வந்தது. இறக்கத்தின் அடியில் ஒரு சின்ன மேடு. மேட்டுக்கு அப்பால் எதிர்ச்சரிவில் அதே பாதை ஏறிப் போவது தெரிந்தது.

வெள்ளியங்கிரியின் முகம் மலர்ந்தது. "இந்த எடம்தானுங்க மாஸ்டர்! இதுக்காகத்தான் போட்டேன். பிரேக்கத் தொடாம விட்டா அந்த மேடு அப்படியே தூக்கிப் போடும். கவி துள்ளிக் குதிப்பா."

"சக்கரத்தை உருட்டுங்க."

"என்னதுங்க?"

"உங்க பாதைதானே. உருட்டுங்கண்ணா."

"ரிம் கோணுனா யாரு வாங்கித் தருவா?"

"நான்."

அதற்கு மேல் பேரத்துக்கு இடமில்லை. உருட்டினார்.

சக்கரம் ஜல்லியில் தத்தியது. நேரானது. வேகம் எடுத்தது. மேட்டில் ஏறியது. மேட்டுக்கு மேலே, வெறும் ஆகாயத்தில், ஒரு கணம் முழு வட்டமாகத் தெரிந்தது. பிறகு இல்லை.

சத்தம் வரவில்லை.

வெள்ளியங்கிரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் வந்தது. எங்கோ அடியில், பாறையில் மோதிய சத்தம். அப்புறம் இன்னொன்று, இன்னும் அடியில்.

திறந்த வாய் மூடவில்லை. ஓடினார். மேட்டின் உச்சியில் கால் தானாக நின்றது.

லாரி போன பாலம் இல்லை. இந்தக் கரையில் ஒரு கல்கட்டு. அந்தக் கரையில் ஒரு கல்கட்டு. நடுவில் ஒன்றுமில்லை. கீழே ஆளுயரப் பாறைகள். அவற்றுக்கிடையே ஓடை.

"பாலம்..." என்றார். "படத்துல கோடு அந்தப் பக்கம் போகுதுங்களே!"

ஜெசிந்தா தரையைக் காட்டினாள். மழையில் இளகிய மண்ணில் டயர் தடங்கள் பதிந்திருந்தன. ஒவ்வொன்றும் விளிம்பு வரை வந்திருந்தது. வந்து, வளைந்து, வந்த வழியே திரும்பியிருந்தது.

"வர்றவங்க இங்க நின்னு பார்ப்பாங்க. திரும்பிடுவாங்க. ஒவ்வொருத்தரும் ரெண்டு தடவை. அந்தக் கரையிலயும் அதே கதைதான். படத்துல ரெண்டும் ஒட்டிக்கிட்டுத் தெரியுது."

"அப்ப... அதனாலதான் அது அப்படித் தடிச்சு..."

குரல் பாதியில் நின்றது.

ஓரமாக ஒரு தடம் தனியாகக் கிடந்தது. இன்று பதிந்தது. ஈரம்கூடக் காயவில்லை. வாழ்நாளெல்லாம் டயர் அச்சைப் பார்த்துப் பிழைத்தவர் அவர். புது டயர். போன வாரம் மகளின் சைக்கிளில் தன் கையால் மாட்டிய அதே அச்சு. அது விளிம்பு வரை போயிருந்தது.

திரும்பவில்லை.

காலையில் வீட்டில் மகளின் சைக்கிள் இல்லை.

"கவி!"

எதிர்ச்சரிவு அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்தது. போனை எடுத்தார். காட்டுக்குள் சிக்னல் ஏது? போன் கையிலிருந்து நழுவியது. அதைக் குனிந்து எடுக்கவில்லை. விளிம்பில் மண்டி போட்டுப் பாறைகளுக்கிடையே தேடினார். அவள் போடுகிற மஞ்சள் சட்டையைத் தேடினார். கோணிப்போன சக்கரம் ஒன்று மின்னியது. வேறெதுவும் தெரியவில்லை. தெரியாதது இன்னும் மோசமாக இருந்தது.

"பாப்பா! கண்ணு! அப்பா வந்துட்டேன்டா!"

காலைக் கீழே விட்டு இறங்கப் பார்த்தார். ஜெசிந்தா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அது என் தடம்."

காதில் ஏறவில்லை. "விடு! விடுடீ! எம்புள்ள கீழ கெடக்கறா!"

"அண்ணா. அது என் டயர். கவிக்கு வாங்கும்போது எனக்கும் ஒரு ஜோடி எடுத்தீங்களே. சேர்த்து எடுத்தா குறையும்னு."

அவர் நின்றார்.

"விடியக்காலம் வந்தேன். இங்கிருந்து சைக்கிளைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடையில இறங்கி, அந்தப் பக்கம் ஏறி, சுத்து வழியா செக்போஸ்ட்டுக்கு வந்தேன். பாறை மேல தடம் விழாது."

"கவி?"

"நான் வரும்போதே செக்போஸ்ட்டுல நின்னா. எல்லாருக்கும் முன்னால ஓட்டிப் பார்க்க வந்திருக்கா. உங்க பொண்ணுல்ல. என் வீட்டுச் சாவியைக் கொடுத்து அனுப்பினேன். ஃப்ரிட்ஜுல மாவு இருக்கு. தோசை ஊத்தித் தின்னுட்டு இருப்பா."

வெள்ளியங்கிரி அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். அழுகையா என்று அவருக்கே தெரியாத ஒரு சத்தம் தொண்டையிலிருந்து வந்தது. அது அடங்கிய பிறகு கோபம் வந்தது.

"நீங்க மனுசிதானுங்களா? காலைலயே எல்லாம் தெரியுமில்ல? நான் அதப் பார்த்த உடனே, என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னங்க? ஒரு தடம்! ஒத்தத் தடத்தப் பார்த்து எனக்கு உசுரே போயிருச்சு!"

ஜெசிந்தா கீழே விழுந்து கிடந்த போனை எடுத்தாள். மண்ணைத் துடைத்து அவர் மடியில் வைத்தாள்.

"நேத்து நீங்க அனுப்பின கோட்டுலயும் ஆளுங்க இருந்தாங்கண்ணா."