வெண்பல்லார் கண்டெடுத்த மூன்று கட்டிகள்

நைஜீரியாவின் யொருபா மக்கள் இடித்த கிழங்கை மெல்லாமல் விழுங்குவது, அது பல்லில் ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் என்று படித்தவர்களே சொல்லித் திரிகிறார்கள். சோம்பல்தான் காரணம் என்பவர்களும் உண்டு. முதல் கூற்று தவறு. இரண்டாவது தவறு மட்டுமன்று, அவதூறு. கிழங்கைத் தோல் சீவி, வேகவைத்து, உரலில் போட்டுத் தோள் கழலும்வரை இடித்து, பந்தாக உருட்டி வைக்கிற ஒரு வீட்டைப் பார்த்துச் சோம்பல் என்கிறவர், ஒரு நாளாவது உலக்கையைத் தொட்டுவிட்டுப் பேசட்டும். கிழங்கு என்றதும் சர்க்கரைவள்ளியை நினைப்பவர்களும் திருத்திக்கொள்ள வேண்டும். இது கை நீளத்துக்கு மண்ணுக்குள் இறங்குகிற பெருவள்ளி. அதை மெல்லாததற்கு உண்மைக் காரணம் ஒரு பல்.

அந்தக் காலத்தில் கிழங்குக்கும் பேச்சு உண்டு. மண்ணுக்குள்ளேயே வளர்ந்த பழக்கத்தால் அது அதிகம் பேசாது, அவ்வளவுதான். மனிதர்களோ எல்லாவற்றையும் மென்றதுபோல இடித்த கிழங்கையும் மென்றுதான் தின்றார்கள்.

அப்போது ஓலாவுமி என்ற பெண் அகின்லாபியைத் திருமணம் செய்துகொண்டு அவன் வீட்டுக்கு வந்தாள். கொழுந்தனாரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். நம்மவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஆனால் அங்கே மணமகள் அன்றே அவருக்கு ஒரு நல்ல பட்டப்பெயர் வைத்தாக வேண்டும். ஓலாவுமி தன் கொழுந்தன் லாடிப்போவைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். புகழும்படியாக அவளுக்கு அகப்பட்டது அவனுடைய பல் வரிசை ஒன்றுதான். "வெண்பல்லார்" என்று பெயர் வைத்தாள். வினை அங்கே தொடங்கியது.

அதுவரை லாடிப்போ தன் பற்களை மற்றவர்களைப்போலவே பயன்படுத்திவந்தான். பெயர் வந்த பிறகு வாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க, செம்பனைக் கொட்டைகளைப் பல்லாலேயே உடைக்கத் தொடங்கினான். சாப்பாட்டில் ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு முறை மென்றான். எந்தப் பல்லுக்கும் மனக்குறை வந்துவிடக் கூடாதாம்.

இப்படியே சில ஆண்டுகள் போயின. ஒரு நாள் மென்றுகொண்டிருந்தவன் நிறுத்தினான். வாயிலிருந்து எதையோ விரலால் எடுத்தான்.

"அண்ணி, கட்டி."

குழம்பில் உப்புக் குறைந்தால் கைமறதி என்பார்கள். இடித்த கிழங்கில் கட்டி இருந்தால், இடித்தவளின் குணத்திலேயே கட்டி இருப்பதாக அந்த ஊரில் பேசுவார்கள். ஓலாவுமியின் முகம் சிவந்தது. அந்தத் துணுக்கை வாங்கி நசுக்கிப் பார்த்தாள். நசுங்கவில்லை. ஓர் ஓட்டுச்சில்லில் போட்டு அடுப்பருகே வைத்தாள்.

மறுநாளும் ஒன்று அகப்பட்டது.

"இரண்டு" என்றான் லாடிப்போ. பிறகு தமையனைப் பார்த்து, "அண்ணா, நம் வீட்டு உரலுக்கு இன்னொரு கை வேண்டும் போலிருக்கிறதே" என்றான்.

கை என்றால் கை மட்டுமன்று, அந்தக் கையோடு சேர்ந்து வீட்டுக்கு வரப்போகிற இரண்டாவது மனைவி. ஓலாவுமி கணவனைப் பார்த்தாள். அகின்லாபி குழம்பை வழித்து நக்கிவிட்டு, "நாளைக்கும் பார்ப்போம்" என்றான்.

கொழுந்தன் சொன்னதைவிட இதுதான் அவளைச் சுட்டது. மூன்று மழைக்காலம் அவள் இடித்த கிழங்கைத் தின்று வயிறு வளர்த்தவன் சொல்லுகிற பேச்சா இது?

மறுநாள் காலையில் அவள் அந்த இரண்டு துணுக்குகளையும் கொதிக்கிற நீரில் போட்டாள். உச்சிப்பொழுதுவரை கொதித்தும் அவை வேகவில்லை. ஓட்டிலேயே திரும்ப எடுத்து வைத்தாள்.

பிறகு பரணில் கடைசியாக இருந்த கிழங்கை எடுத்தாள். நடுவதற்காக அதன் தலைப்பக்கத்தை அரிந்து சுவரோரம் சாய்த்து வைத்தாள். அதுவும் வழக்கம்தான். மீதியை வேகவைத்து உரலில் இட்டு உலக்கையைத் தூக்கினாள். அவள் இடித்த இடியில் சுவரோரத்துத் தலை அதிர்ந்து உருண்டது.

"யார்மேல் இவ்வளவு கோபம்?" என்று கேட்டது தலை.

"உன்மேல் இல்லை. நீ சும்மா கிட."

"எப்படிக் கிடப்பேன்? அரிந்தாய், சீவினாய், அவித்தாய், இடிக்கிறாய். நான் ஏதாவது கேட்டேனா? அது உன் வேலை. எல்லாம் முடிந்த பிறகு அவன் முப்பத்திரண்டு தடவை மெல்லுகிறானே, அது எதற்கு? எனக்கு எத்தனை சாவு?"

"அதையேதான் நானும் கேட்கிறேன்!" என்றாள் ஓலாவுமி. "நான் இடித்ததற்குமேல் அவர் இடிக்கிறாராமா?"

உலக்கைச் சத்தம் 'தொம்' என்பதிலிருந்து 'சப்' என்று மாறும்வரை இடித்தாள். விரலால் முழுதும் தடவிப் பார்த்தாள். ஒரு கட்டிகூட இல்லை. உருட்டி வைத்து, பக்கத்தில் எகுசிக் குழம்பை ஊற்றினாள். முலாம்பழ இனத்து விதையை அரைத்து, கீரையும் கருவாடும் ஆட்டிறைச்சியும் செம்பனை எண்ணெயும் சேர்த்துக் கொதிக்கவைத்த குழம்பு அது.

லாடிப்போ முதல் கவளத்தை வாயிலிட்டான். பத்தொன்பதாவது முறை மெல்லும்போது 'கடக்' என்றது.

"மூன்று!" என்று அதைத் தூக்கிக் காட்டினான். "பார்த்தாயா அண்ணா? இதைச் சுவரில் எறிந்தால் சுவர் உடையும்."

ஓலாவுமி ஓட்டுச்சில்லை எடுத்துவந்தாள்.

"கையை நீட்டுங்கள், வெண்பல்லாரே."

அவன் உள்ளங்கையில் இருந்த மூன்றாவது கட்டியின் ஒரு மூலையில் முதல் துணுக்கை வைத்தாள். இன்னொரு மூலையில் இரண்டாவதை வைத்தாள். சட்டியும் மூடியும்போல அவை பொருந்தின. கட்டியைத் திருப்பிப் போட்டாள். அடியில் இரண்டு வேர்கள் இருந்தன. ஒன்றில் இரத்தம்.

"வாயைத் திறங்கள்."

அவன் திறக்கவில்லை. அகின்லாபிதான் தம்பியின் தாடையைப் பிடித்துத் திறந்து பார்த்தான். பார்த்துவிட்டு மெல்ல மூடினான்.

"கிழங்கு கடினமாக இருந்தது. அதனால்தான் பல் உடைந்தது" என்றான் லாடிப்போ. சொற்களுக்கு இடையில் காற்று வந்தது.

"ஊர் பார்க்கக் கொட்டை உடைத்தது என் கிழங்கா? இன்னொரு கை வேண்டும் என்றீர்களே, இப்போது இன்னொரு பல் அல்லவா வேண்டும்!" என்றாள் ஓலாவுமி. கணவன் பக்கம் திரும்பினாள். "நாளைக்கும் பார்ப்போம் என்றீர்கள். பார்த்தாயிற்றா?"

அகின்லாபி குழம்புச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் கிழங்கில் ஒரு பிடி எடுத்து உருட்டினாள். குழம்பில் தோய்த்துக் கொழுந்தனின் கையில் வைத்தாள். "மெல்லாமல் விழுங்குங்கள். மூன்று நாள் உங்கள் பல் சாட்சி சொன்னது போதும். இனித் தொண்டை சொல்லட்டும்."

அவன் விழுங்கினான்.

"ஏதாவது தட்டுப்பட்டதா?"

"இல்லை, அண்ணி."

"பக்கத்து வீட்டுக்குக் கேட்கவில்லை."

"இல்லை, அண்ணி!"

அப்போது சுவரோரத்துத் தலை வாய் திறந்தது. "இடித்த பிறகு என் உடம்பில் இனி எவன் பல்லும் படக் கூடாது. பட்டால் நான் முளைக்க மாட்டேன். நான் முளைக்காவிட்டால் என் உறவுக்காரர்களும் முளைக்க மாட்டார்கள்."

நடவுக்கு எட்டு நாள்தான் இருந்தது. "ஒப்புக்கொண்டோம், ஒப்புக்கொண்டோம்" என்றான் அகின்லாபி.

"அப்படியானால் என் மீதிப் பற்களுக்கு என்ன வேலை?" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டான் லாடிப்போ.

ஓலாவுமி குழம்புச் சட்டியின் அடியில் கிடந்த இறைச்சித் துண்டைக் காட்டினாள். "கிழங்கு முடியட்டும். அதுவரை அவை காத்திருக்கட்டும்."

எட்டாம் நாள் அந்தத் தலையை நட்டார்கள், அது முளைத்தது. அதன்பின் எந்தக் கிழங்கும் பேசியதாகத் தகவல் இல்லை.

அன்று முதல்தான் அந்த நாட்டில் இடித்த கிழங்கை மெல்லாமல் விழுங்குகிறார்கள், இறைச்சியைக் கடைசியில் எடுத்து மெல்லுகிறார்கள். மணநாளில் வைத்த பட்டப்பெயரை மாற்றும் வழக்கம் அங்கே இல்லாததால், ஓலாவுமி தன் கொழுந்தனாரைக் கடைசிவரை வெண்பல்லாரே என்றுதான் அழைத்தாள்.