பொட்டு வெச்ச கைப்பிடி

ஒரு ஊர்ல ஒரு கப்பல் இருந்துச்சாம். தண்ணியில போற கப்பல் இல்லடி தேனு, காலக்கப்பல். நேத்துக்குப் போகும், நாளைக்குப் போகும், உங்க தாத்தாவுக்குக் காது குத்தி அவரு ஊரைக் கூட்டுன நாளுக்குக்கூடப் போகும். ‘ம்’ சொல்லு. சொல்லலைன்னா தூங்கிட்டேன்னு நெனச்சு லைட்டை அணைச்சுட்டுப் போயிடுவேன்.

“ம். பெரியம்மா, அம்மா எப்ப வருவா?”

வருவா. ஆயுத பூஜை லீவுக்கு ஊரே ஊருக்குப் போகுது, ஸ்பெஷல் பஸ்ஸுக்கு கண்டக்டர் வேணாமா? காலையில உன் கையைப் பிடிச்சு அரிசியில எழுத வைக்க வந்துடுவா. நீ கதையைக் கேளு.

அந்தக் கப்பலோட மூக்குல ஒரு ரூம். அங்க இருந்துதான் கப்பலை ஓட்டுவாங்க. காலத்தையே ஓட்டுற ரூமாச்சே, பளபளன்னு இருக்கும்னு நெனச்சுக்காத. பஞ்சு பிதுங்குன ஒரு சீட்டு, அதை மறைக்க ஒரு துண்டு. கண்ணாடிக்கு மேல சாமி படம், பிளாஸ்டிக் மாலை, மினுக் மினுக்னு சீரியல் லைட்டு. சுவத்துல ஒரு தினசரி காலண்டர், ஒரு கடிகாரம். சீட்டுக்கு முன்னால மூணு கைப்பிடி. ஒண்ணு பின்னால போக, ஒண்ணு முன்னால போக, ஒண்ணு நிறுத்த. அவ்வளவுதான் ரூமு.

அந்த ரூம்ல மூணு பேரு. ஓட்டுறவ பேரு வடிவாம்பா, வடிவுன்னு கூப்பிடுவாங்க. மெக்கானிக்கு சவரிமுத்து. எந்த மெஷின் மொரண்டு பிடிச்சாலும் சுத்தியால ‘ணங்’குன்னு ஒரு தட்டு தட்டுவாரு, அது பயந்துக்கிட்டு ஓடும். மூணாவது ஆளு கேப்டன் ஏகாம்பரம். அவருக்கு என்ன வேலைன்னு மட்டும் கேக்காத. வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு ரூமுக்கு நடுவுல நிப்பாரு. கப்பல் கெளம்புன பெறகு “ரைட், போலாம்”னு சொல்லுவாரு.

“ம்.”

வடிவுக்கு ஒரு பொண்ணு இருந்தா. அல்லின்னு பேரு, உன் வயசுதான். ஆயுத பூஜைக்கு மறுநாள் விஜயதசமி இல்லையா? அன்னிக்கு அவளுக்கும் அரிசியில எழுத வைக்கிறாங்க. அல்லி சொல்லிட்டா, “அம்மா, நீதான் வந்து கையைப் பிடிக்கணும். வேற யாரும் பிடிச்சா எழுத மாட்டேன்.” வடிவும் “கண்டிப்பா வரேண்டி”ன்னு சொல்லிட்டு டூட்டிக்கு வந்துட்டா.

அன்னிக்கு என்ன டூட்டின்னா, ஒரு மாமாவைக் கொண்டுபோய் அவரோட கல்யாண நாள்ல எறக்கி விடணும். எதுக்குன்னு கேளு. அவரு கல்யாணத்துல போட்டோ பிடிக்கிறேன்னு அவரை நிக்க வெச்சே பந்தியை முடிச்சுட்டாங்களாம். அந்தப் பாயசத்தைக் குடிக்கணும்னு போறாரு. காலக்கப்பல் கெடச்சா மனுஷன் எதுக்குப் போறான் பாரு. சரி, அவரை எறக்கி விட்டாச்சு. திரும்பி வர்றாங்க. அப்போதான் கேப்டன் கேட்டாரு, “ஏம்மா வடிவு, நம்ம கப்பலுக்கு ஆயுத பூஜை போடலையே?”

சவரிமுத்து பை நெறையப் பொரி, கடலை, சந்தனம், குங்குமம் எல்லாம் ரெடியா வெச்சிருந்தாரு. ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போற மனுஷன், சர்ச்சுக்கு. ஆனா ஆயுத பூஜைன்னா பட்டறையில அவருதான் முன்னால நிப்பாரு. “போட்டுடலாம் சார்”னு எலுமிச்சம்பழத்தை எடுத்தாரு.

கேப்டன் காலண்டரைப் பாத்தாரு. “ஐயோ! இப்ப ராகு காலம். கொஞ்சம் பின்னால போ.”

வடிவு கைப்பிடியை இழுத்தா. கிர்ர்ர்ர்... டடக். பின்னால போனாங்க. “ஐயையோ, இங்க எமகண்டம். முன்னால போ.” கிர்ர்ர்ர்... டடக். “இங்க குளிகை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ.” கிர்ர்ர்ர்... டடக். போனா, மறுபடியும் ராகு காலம்!

“ஹி ஹி.”

சிரிக்காத, தூக்கம் போயிடும். வடிவுக்குக் கை வலி உயிரு போகுது. “சார், நல்ல நேரம்னு ஒண்ணு போட்டிருக்குமே, அங்க நிறுத்தலாமா?”ன்னு கேட்டா. “அதுல கால்வாசி போயிடுச்சும்மா”ன்னாரு கேப்டன். அப்புறம் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிஞ்சாரு. அவரு தலையைச் சொறிஞ்சாலே மத்த ரெண்டு பேரும் ரெண்டு அடி தள்ளி நிப்பாங்க.

“கண்டுபிடிச்சுட்டேன்! நேத்துக்கும் நாளைக்கும் நடுவுல நேரமே ஓடாத ஒரு இடம் இருக்குல்ல? அங்க நிறுத்து. நேரமே ஓடலைன்னா ராகு காலம் எப்படி வரும்? எப்படி என் மூளை?”

வடிவு நிறுத்துற கைப்பிடியை அமுக்குனா. டொம். கப்பல் நின்னுச்சு. கடிகாரமும் நின்னுச்சு. கண்ணாடிக்கு வெளிய பாத்தா ராத்திரியும் இல்ல, பகலும் இல்ல, அரிசி கழுவுன தண்ணி மாதிரி ஒரு வெளிச்சம்.

பூஜை அமர்க்களமா நடந்துச்சு. சவரிமுத்து சந்தனத்தைக் கொழச்சு, மூணு கைப்பிடிக்கும் பட்டை அடிச்சு, குங்குமப் பொட்டு வெச்சாரு. கடிகாரத்துக்குப் பொட்டு. ஃபேன் சுவிட்சுக்குப் பொட்டு. சுத்திக்குப் பொட்டு. வெளக்குமாத்துக்கும் பொட்டு. வேலை செய்யுற சாமான் எதையும் விடல. கேப்டனுக்கு மட்டும் யாரும் வைக்கல. தட்டுல கற்பூரத்தை ஏத்தி, மணியை ணங்ணங்னு ஆட்டி, ஆளுக்கு ஒரு கை பொரி தின்னாங்க.

அப்புறம் வடிவு துண்டைத் தட்டிட்டு சீட்டுல உக்காந்தா. “கெளம்பலாமா சார்?”

கேப்டன் பதறிட்டாரு. “ஏம்மா, கைப்பிடியைத் தொடாத! பூஜையில வெச்ச ஆயுதத்தை நாளைக்குக் காலையில புனர் பூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும். இது தெரியாதா உனக்கு?”

தெரியும். எல்லாருக்கும் தெரியும். நம்ம வீட்டுலகூட இன்னிக்கு அருவாமனையை எடுத்து சாமி முன்னால வெச்சுட்டுத்தானே உனக்கு வெறும் ரசஞ்சோறு போட்டேன்?

“ம்... அப்பளம் போட்டியே.”

அப்பளத்தை எதுக்கு அறுக்கணும்? கேளு. அப்போதான் வடிவு மெதுவாக் கேட்டா, “சார், நேரமே ஓடாத எடத்துல நாளைக்கு எப்படி சார் வரும்?”

மூணு பேரும் கடிகாரத்தைப் பாத்தாங்க. முள்ளு அசையல. தட்டைப் பாத்தாங்க. ஏத்துன கற்பூரம் ஏத்துன மாதிரியே எரியுது. கொறையவே இல்ல. நாளைக்கு வரணும்னா கப்பல் கெளம்பணும். கப்பல் கெளம்பணும்னா நாளைக்கு வரணும். நல்லா மாட்டிக்கிட்டாங்க.

“பெரியம்மா, நேரம் ஓடலைன்னா அவங்க எப்படிப் பேசுனாங்க?”

வாயாலதான். குறுக்க குறுக்கக் கேட்டா கதையை இங்கயே நிறுத்திடுவேன், நாமளும் மாட்டிக்குவோம்.

“ம்.”

வடிவுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. “என் பொண்ணு அரிசித் தட்டு முன்னால உக்காந்திருப்பா சார்!” கேப்டன் நெஞ்சை நிமித்திக்கிட்டு, “நான் இருக்கேன்ல? நாளைக்கு வர வைக்கிறேன்”னாரு. விறுவிறுன்னு போயி காலண்டர்ல தாளைப் பிடிச்சு ‘சர்ர்ர்’ருனு கிழிச்சாரு. “ஆச்சு! விஜயதசமி!” எல்லாரும் கடிகாரத்தைப் பாத்தாங்க. ம்ஹூம். “ஒண்ணு பத்தாதோ?” சர்ர்ர், சர்ர்ர், சர்ர்ர்ர். தீபாவளி வந்துச்சு, கிறிஸ்துமஸ் வந்துச்சு, காலண்டரு அட்டையே வந்துச்சு. நாளைக்கு மட்டும் வரல.

அப்புறம் சவரிமுத்து சொன்னாரு, “எல்லாரும் படுத்து எந்திரிச்சா காலையிலதான சார் எந்திரிப்போம்?” கேப்டனுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு, தூங்குற விஷயமாச்சே. மூணு பேரும் தரையில துண்டை விரிச்சுப் படுத்தாங்க. தூக்கம் வரணுமே? தூங்குற மாதிரி நடிச்சாங்க. கொர்ர்... கொர்ர்... கேப்டன் எந்திரிச்சு நெட்டி முறிச்சு, “ஆகா, நல்லா விடிஞ்சுடுச்சு, காப்பி எங்க?”ன்னாரு. சவரிமுத்து பல்லே வெளக்கிட்டாரு. கற்பூரம் அப்படியே எரியுது. முள்ளு அசையல.

அப்புறம் கேப்டன், “ஹெட் ஆபீசுல கேக்கலாம். அவங்களுக்குத் தெரியாதது இருக்கா?”ன்னு போனைப் போட்டாரு. ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்... ஒரு பொம்பளைக் குரல் தேன் மாதிரி பேசுச்சு. “வணக்கம். இன்று ஆயுத பூஜை விடுமுறை. தயவுசெய்து நாளை தொடர்பு கொள்ளவும்.” கேப்டன் போனை வெச்சுட்டு, “நாளைக்குப் பண்ணச் சொல்றாங்க”ன்னாரு. வடிவு அவரைப் பாத்த பார்வையில அந்தத் தொப்பி கருகியிருக்கணும்.

“ம்.”

கேப்டன் அப்புறம் சவரிமுத்து பக்கம் திரும்புனாரு. “சவரி, நீ தொட்டு இழேன். உனக்குத்தான் இதெல்லாம் கெடையாதே?”

சவரிமுத்துக்கு மொகம் சிவந்து போச்சு. “பொட்டு வெச்சவனே நான்தான் சார். பொரி திங்கையில உங்ககூட ஒண்ணா உக்காந்து தின்னேன். குத்தம்னா மட்டும் எனக்குத் தனியாவா?” அப்படின்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. கேப்டன் தொப்பியைக் கழட்டித் தொடைச்சாரு. அந்த ஒரு தடவை அவருக்குக் கொஞ்சம் வெக்கமா இருந்துச்சு.

வடிவு கைப்பிடியையே பாத்துக்கிட்டு இருந்தா. அவளுக்கும் பயம்தான். சும்மா சொல்லக் கூடாது, அவ சின்ன வயசுலேர்ந்து ஆயுத பூஜை அன்னிக்கு ஊசியைக்கூடத் தொட்டதில்ல. ஆனா அல்லி சொன்னது காதுலயே கேட்டுக்கிட்டு இருக்கு. வேற யாரும் பிடிச்சா எழுத மாட்டேன். அது பிடிவாதக்காரப் பிள்ளை. எழுதவே எழுதாது. இந்தப் பிள்ளைய மாதிரி.

அப்போ வடிவு எந்திரிச்சா. சாமி படத்துக்கு முன்னால நின்னு கையைக் கூப்புனா.

கேப்டன் கத்துனாரு, “தொடாத! சாமி கோவிச்சுக்கும்!”

“கோவிச்சுக்கட்டும் சார். நாளைக்கு வந்து கோவிச்சுக்கட்டும். கோவிச்சுக்கணும்னாலும் நாளைக்கு வரணும்ல?”

சொல்லிட்டு, முன்னால போற கைப்பிடியைப் பொட்டோட சேத்துப் பிடிச்சு ஒரே இழு. கிர்ர்ர்ர்ர்ர்... கப்பல் அசையல. சவரிமுத்து ஓடி வந்தாரு. சுத்திக்கும் பொட்டு வெச்சிருந்துச்சுல்ல? ஒரு நிமிஷம் அதைப் பாத்தாரு. “குத்தம்னா எனக்கும் பாதி”ன்னு சொல்லிட்டு எடுத்து ‘ணங்’குன்னு ஒரு தட்டு தட்டுனாரு. டடக்! கற்பூரம் ‘புஸ்’னு அணைஞ்சுச்சு. முள்ளு டிக் டிக்னு ஓடுச்சு. கண்ணாடிக்கு வெளிய சூரியன் வந்துச்சு.

“ரைட், போலாம்”னாரு கேப்டன்.

“அப்புறம்? அல்லி?”

அங்க அல்லி என்ன பண்றா? பள்ளிக்கூட ஹால்ல வரிசையா பிள்ளைங்க, எல்லாரும் எழுதி முடிச்சாச்சு. அல்லி மட்டும் அரிசித் தட்டு முன்னால உக்காந்திருக்கா, கையை இறுக்கி மூடிக்கிட்டு. வாத்தியாரு வந்து விரலைப் பிரிச்சாரு, பிரியல. அப்பா வந்து கெஞ்சுனாரு, பிரியல. ஆயா சாக்லேட்டைக் காட்டுச்சு. சாக்லேட்டை இன்னொரு கையில வாங்கிக்கிட்டா, இந்தக் கை பிரியல. “எங்க அம்மா வரட்டும்.”

அப்போ தடதடன்னு வடிவு ஓடி வந்தா. தலை கலைஞ்சு, செருப்பு ஒரு காலுல, கை பூரா குங்குமம். “அல்லீ!”

வாத்தியாரு குறுக்க வந்து நின்னாரு. கையில கடிகாரத்தைக் காட்டி, “கொஞ்சம் முன்னால வந்திருக்கக் கூடாதாம்மா? இப்பதான் ராகு காலம் ஆரம்பிச்சுது. அடுத்த விஜயதசமிக்குப் பாக்கலாம்”னாரு.

வடிவு அந்தக் கடிகாரத்தைப் பாத்தா. முள்ளு ஓடுது, டிக் டிக், டிக் டிக். அவளுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. “சார், நேரமே ஓடாத எடத்துல உக்காந்துட்டு வந்திருக்கேன். ஓடுற நேரம் எல்லாம் எனக்கு நல்ல நேரம்தான் சார். நகருங்க.”

தட்டு முன்னால பொத்துன்னு உக்காந்தா. அல்லியோட கை தானாப் பிரிஞ்சுச்சு. ரெண்டு பேரும் சேந்து அரிசியில ‘அ’ போட்டாங்க. அம்மா கையில இருந்த குங்குமம் எல்லாம் அரிசியில ஒட்டி, ஊரு பிள்ளைங்க எழுதுனது எல்லாம் வெள்ளை ‘அ’, அல்லியோடது மட்டும் செவப்பு ‘அ’.

சாமி கோவிச்சுக்கிச்சான்னு கேக்குறியா? இது வரைக்கும் ஒண்ணும் சொல்லல. ஹெட் ஆபீசுதான் கூட்டம் போட்டு, நாளைக்குன்னு ஒண்ணைக் கொண்டு வந்ததுக்காகக் கேப்டன் ஏகாம்பரத்துக்குப் பொன்னாடை போத்துனாங்க. அதுவும் ராகு காலம் பாத்துத்தான் போத்துனாங்க. அடுத்த வருஷம் ஆயுத பூஜையில சவரிமுத்து எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாரு, முன்னால போற கைப்பிடிக்கு மட்டும் வைக்கல. அந்தப் பொட்டை எடுத்து வடிவு கையில வெச்சாரு. கேப்டன் அதைப் பாத்தும் பாக்காத மாதிரி நின்னாரு.

“பெரியம்மா... எங்க அம்மா வராட்டி?”

வருவாடி. எனக்கும் வாசல் மேலதான் காது இருக்கு. அவ என் தங்கச்சி, அவளை எனக்குத் தெரியாதா? பஸ்ஸு நடு ரோட்டுல நின்னா எறங்கித் தள்ளிக்கிட்டாவது வருவா. அப்படியும் கொஞ்சம் லேட்டாச்சுன்னா நீ கையை இறுக்கி மூடி வெச்சுக்க. வாத்தியாரை நான் பாத்துக்கிறேன்.

“ம்...”

எங்க, மூடு பாப்போம். ஆங், அப்படித்தான். கண்ணையும் மூடு. நம்ம வீட்டுக் கடிகாரம் ஓடுது கேக்குதா? டிக் டிக். இங்க படுத்துத் தூங்குனா நாளைக்கு வந்துடும். கப்பல் ஊரு வந்து சேந்துச்சு, கதையும் வந்து சேந்துச்சு. தூங்கு.